சோதித்தேன், சரியாக உள்ளது

கடைத்தெருவில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘கல்லு’. எடைக்கல்லைச் சொல்கிறார்களா, என் மனசைச் சொல்கிறார்களா என்று நான் கேட்டதில்லை. நான் எடையளவு ஆய்வாளர். இருபத்தாறு வருஷமாகக் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதிக்கிறேன். சரியாக இருந்தால் ஈய முத்திரை குத்துவேன். இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு வருவேன். இத்தனை வருஷத்தில் ஒரு தராசுக்குக்கூடப் பொய் முத்திரை வைத்ததில்லை. பொய்யாகச் சிவப்புச் சீட்டு ஒட்டியதும் இல்லை. இந்த இரண்டாவதைத்தான் ஜனங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. முகத்தில் முழிக்கப் பிடிக்காத கடைக்காரனாக இருந்தாலும், தராசு சரி என்றால் சரி என்றுதான் எழுதியாக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு என் தங்கை குடும்பத்துக்கு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வந்தேன்.

பழைய இரும்புக் கடை ஒன்றில் பெரிய மேடைத் தராசின் மேல் குனிந்துகொண்டிருந்தபோது தங்கையின் போன் வந்தது.

“அண்ணா, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. வந்து அவர்கிட்ட ‘அது ஃபிராடு’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. நீ சொன்னாத்தான் கேப்பார்.”

“எதும்மா ஃபிராடு?”

“போன்ல சீட்டாடுறார். போக்கர். நிஜப் பணம் வச்சு.”

“பார்க்காம எப்படி ஃபிராடுன்னு சொல்றது?”

“உன்கிட்ட வந்து கேட்டேன் பாரு” என்று வைத்துவிட்டாள்.

அவளுடைய பயம் பணத்தைப் பற்றியது மட்டும் இல்லை. அவள் மகளுக்குப் பதினோரு வயது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துகொண்டே வருகிறது. அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரு பிளாஸ்டிக் கூடு மாட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள். எக்ஸ்ரேயில் அளந்து நாற்பத்தொரு டிகிரி என்றார் டாக்டர். ஐம்பதைத் தாண்டினால் நுரையீரலை நெருக்க ஆரம்பிக்கும், அதற்கு முன்னால் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், பத்து மாதம் அவகாசம் இருக்கிறது என்றார். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்காரும் என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் நான்கு வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில், ஆபரேஷன் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தேறியிருந்தது. இன்னும் ஒரு பங்குதான் பாக்கி.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். குடி கிடையாது, புகை கிடையாது. உயரமான கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறை என்று ஒன்று இருக்கும். உதிரி பாகம் வரும்வரை அதற்குள் மணிக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கூட வேலை பார்த்தவன் யாரோ அந்த ஆட்டத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறான். டீக்காசு வைத்து ஆடியதில் இரண்டே மாதத்தில் ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு ஜெயித்துவிட்டார். அதோடு நின்றிருந்தால் தேவலாம். மனுஷன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்: இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்து ஆடினால், பாக்கி இருக்கும் ஒரு பங்கை எட்டு மாதத்தில் எடுத்துவிடலாம். டாக்டர் கொடுத்ததோ பத்து மாதம்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். முன்னறையில் இஸ்திரி மேசையும் ஒரு சோபாவும் போக நடக்க மட்டும் இடம் இருக்கும். சோபாவில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்து மாப்பிள்ளை போனைக் காட்டினார். பச்சை மேசை, சுற்றிலும் ஆறு வட்டம், வட்டத்துக்கு ஒரு ஆள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மூடி வரும், நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கும், யாரிடம் நல்ல சேர்க்கை இருக்கிறதோ அவருக்குப் பணம் என்று பொறுமையாக விளக்கினார்.

“கலைச்சுப் போடுறது யாரு?” என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டர்.”

“அந்தக் கம்ப்யூட்டரைச் சோதிச்சது யாரு?”

“அதைக் கேளுங்க மச்சான்! எனக்கு இருக்கிற ஒரே சந்தேகமே அதுதான்” என்றார். “ஆய்வுச் சீட்டு ஒட்டாத லிஃப்ட்ல நான் ஏறவே மாட்டேன், நானே ரிப்பேர் பண்ணினதா இருந்தாலும். இதுக்கு மட்டும் எதை நம்பிப் புள்ளை பணத்தை வைக்கிறது? நீங்க சோதிச்சுச் சொல்லுங்க. சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அன்னிக்கே இதை அழிச்சுடறேன். புள்ளை மேல சத்தியம்.”

சமையலறை வாசலில் நின்ற தங்கையின் முகம் தெளிந்தது. விஷயம் அப்போதே முடிந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். நானோ எப்படிச் சோதிப்பது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். எனக்குள் ஓர் உற்சாகம் கிளம்பியதை மறைக்க விரும்பவில்லை. அரிசிக்கடைத் தராசும் நகைக்கடைத் தராசும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவன் நான்.

என் சொந்தப் பணத்தில் சின்னத் தொகை கட்டிக் கணக்குத் திறந்தேன். முதலில் கம்பெனியிடமே உதவிப் பெட்டியில் கேட்டேன்: “இந்த ஆட்டத்தை நம்பலாமா?” அரை நிமிஷத்தில் பதில் வந்தது: “நூறு சதவீதம் நம்பகமானது! இன்றே ஆடி வெல்லுங்கள்!” கூடவே மூன்று சிரிக்கும் மூஞ்சிகளும் ஒரு சான்றிதழின் படமும். கடைக்காரனிடமே ‘உன் தராசு சரியா’ என்று கேட்டால் வேறென்ன சொல்வான்? கேட்டது என் தப்பு. அடுத்தவன் கொடுத்த சான்றிதழை நான் ஏற்றுக்கொண்டதும் கிடையாது.

பெரிய மேடைத் தராசைச் சோதிக்கும்போது கல்லை நடுவில் மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. நான்கு மூலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். திருட்டு இருந்தால் பெரும்பாலும் ஒரு மூலையில்தான் இருக்கும். இதற்கும் நான்கு மூலை வகுத்துக்கொண்டேன்: புது ஆளாக இருக்கும்போது வரும் சீட்டு, ஜெயித்த பிறகு வரும் சீட்டு, தோற்ற பிறகு வரும் சீட்டு, மேலும் பணம் கட்டிய பிறகு வரும் சீட்டு. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். வரும் இரண்டு சீட்டையும் எழுதிக்கொள்வேன், பெரும்பாலும் ஆடாமல் மடக்கிவிடுவேன். மேசையில் இருந்த ஒருத்தன், “பெரியவரே, தூங்கிட்டீங்களா?” என்றுகூட எழுதினான்.

நாற்பது நாள். மூவாயிரத்து நானூறு ஆட்டம். கையில் வரும் இரண்டு சீட்டும் ஒரே எண்ணாக, அதாவது ஜோடியாக, பதினேழுக்கு ஒரு தடவை வர வேண்டும். அப்படியானால் இருநூறு. எனக்கு வந்தது நூற்றுத் தொண்ணூற்றேழு. ஏஸ் ஐந்நூற்று இருபத்துமூன்று வர வேண்டும். ஐந்நூற்று முப்பத்தொன்று வந்தது. மூலைக்கு மூலை பிரித்துப் பார்த்தேன், எங்கேயும் கை வைத்த அடையாளம் இல்லை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன், இரண்டு நாளில் வங்கிக்கு வந்துவிட்டது. இவ்வளவு சுத்தமான தராசைக் கடைத்தெருவில் பார்த்து நாளாயிற்று.

நோட்டின் பின்னட்டையில் இன்னும் இரண்டு விஷயம் எழுதிவைத்திருந்தேன். ஒன்று: ஒவ்வொரு ஆட்டத்தின் பந்தயத்திலும் நூற்றுக்கு ஐந்து கம்பெனி எடுத்துக்கொள்கிறது. ஆறு பேர் ஒரே பணத்தை மாற்றி மாற்றி ஜெயித்துக்கொண்டிருந்தால், கடைசியில் அந்தப் பணம் கம்பெனிக்குத்தான் போய்ச் சேரும். இரண்டு: ஏழெட்டுப் பெயர்கள் எந்த நாள் போனாலும் அங்கே இருந்தன, ஒரே சமயத்தில் நான்கு மேசையில். அவர்களுக்கு அதுதான் உத்தியோகம். மாப்பிள்ளை மாதிரி மோட்டார் அறையில் பொழுதுபோகாமல் வருகிறவர்களின் பணம் அவர்களுக்குச் சம்பளம்.

இந்த இரண்டையும் நான் அறிக்கையில் சேர்க்கவில்லை. மறந்துபோய் இல்லை. எங்கள் படிவத்தில் இரண்டே கட்டம்தான்: சரி, சரியில்லை. கேட்டதற்குப் பதில் எழுது, கேட்காததை எழுதாதே என்றுதான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம். அந்த இரும்புக் கடையைப் பற்றி ஓர் அம்மாள், “எடை போடுறப்ப முட்டியால தள்ளுறான் சார்” என்று புகார் சொல்லி வந்தாள். போய்ப் பார்த்துவிட்டு, “தராசு சரியாத்தான் இருக்கும்மா” என்று அனுப்பிவிட்டேன். தராசு சரியாகத்தான் இருந்தது. அவன் முட்டிக்கு முத்திரை வைக்க எங்கள் சட்டத்தில் இடமில்லை.

முடிவைச் சொல்லப் போன அன்று தங்கை கீழே மாடிப்படித் திருப்பத்திலேயே காத்திருந்தாள்.

“என்னண்ணா, ஃபிராடுதானே?”

“இல்லம்மா. சுத்தமா இருக்கு.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சரி, இருந்துட்டுப் போகட்டும். நீ மேல வந்து சரியில்லைன்னு சொல்லிடு. இந்த ஒரு தடவை.”

“சரியா இருக்கிறதை எப்படிம்மா…”

“உன் மருமகளுக்காகக்கூட ஒரு பொய் சொல்ல மாட்டியா?”

“இன்னிக்குப் பொய் சொன்னா, நாளைக்கு நான் சொல்ற எதுக்கும் மதிப்பு இருக்காது.”

“இப்ப உன் மதிப்பா எங்களுக்கு வேணும்?” என்றாள். குரல் உயரவில்லை. கையை மட்டும் விட்டுவிட்டாள்.

அந்த இடத்தில் நான் கோபப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது நாள் கண் வலிக்க வலிக்கக் கணக்கெடுத்தவன் நான். ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொல்கிறாளே என்று சுருக்கென்றது. அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று படி ஏறினேன்.

மாப்பிள்ளையிடம் வாயால் சொன்னால் போதும். ஆனால் பழக்க தோஷம், வெள்ளைத்தாளில் எழுதியே கொண்டுபோயிருந்தேன். ‘சோதித்தேன். சரியாக உள்ளது.’ கீழே கையெழுத்து, தேதி. ஜோடிக் கணக்கு, ஏஸ் கணக்கு எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். பரீட்சையில் பாஸான பையன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். தாளை இரண்டு தடவை படித்தார்.

“அப்ப சரி?” என்றார்.

“சரி” என்றேன்.

நம் பேச்சில் அந்த ஒரே சொல்தான் எல்லாவற்றுக்கும். அளவு பிசகவில்லை என்றாலும் சரி. செய், போ, உத்தரவு என்றாலும் சரி. நான் முதலாவதைச் சொன்னேன், அவர் இரண்டாவதைக் கேட்டுக்கொண்டார். அப்போது எனக்கு இது உறைக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. உறைத்தது. அவர் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோதே உறைத்தது. ‘மாப்ள, நான் சீட்டைப் பத்தித்தான் சொன்னேன்’ என்று வாய்வரை வந்ததை, கேட்காததைச் சொல்வானேன் என்று முழுங்கிவிட்டேன். சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கிளம்பும்வரை தங்கை வெளியே வரவில்லை.

முதல் இரண்டு மாதம் மாப்பிள்ளை வாரம் தவறாமல் போன் செய்தார். “ஏறுது மச்சான்” என்பார். மூன்றாவது மாதம் போன் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தங்கையும் பேசவில்லை, அவள் கோபம் எனக்குத் தெரிந்ததுதானே என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் இடத்திலிருந்து அவள் கூப்பிட்டாள். புது எக்ஸ்ரேயில் நாற்பத்தேழு டிகிரி. இனித் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் அடுத்த வாரத்துக்கே நாள் குறித்துவிட்டார். குறைகிற ஒரு பங்கைத் தவணையில் வாங்கிக்கொள்ள ஆஸ்பத்திரி சம்மதித்திருக்கிறது. சேர்த்துவைத்த இரண்டு பங்கைக் கட்டலாம் என்று இவள் அட்டையை நீட்டியிருக்கிறாள்.

“கணக்குல ஒண்ணுமே இல்லண்ணா” என்றாள். “ரெண்டு தடவை போட்டுப் பார்த்தாங்க. ஒண்ணுமே இல்ல.”

பின்னால் யாரோ அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடுவது கேட்டது.

அன்றே சேமநிதியில் முன்பணம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். வந்தாலும் பாதிச் செலவுக்குத்தான் காணும். குறித்த நாளை ஆஸ்பத்திரி வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டது.

சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார், காலில் விழுவார், என்ன சொல்லித் தேற்றுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அவர் சவரம் செய்யாத முகத்தோடு இஸ்திரி மேசை முன்னால் உட்கார்ந்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

“வாங்க மச்சான். ஒரு விஷயம் பாருங்க” என்று நோட்டைத் திருப்பினார். “போன வாரம் மட்டும் மூணு தடவை கடைசிச் சீட்டுல போயிருக்கு. மூணு தடவையும் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். இது வெறும் கெட்ட நேரம்தான். சீட்டு நேர்மையா இருக்குறப்ப, போனது திரும்பி வந்துதானே ஆகணும்?”

“மாப்ள, பணம் பூரா போயிடுச்சு. இனிமே எதை வச்சு ஆடப் போறீங்க?”

“சம்பளம் வருதே.” நிதானமாகத்தான் சொன்னார். “இதுவே மோசடியா இருந்திருந்தா முதல் தோல்வியிலேயே விட்டிருப்பேன் மச்சான். எத்தனை தடவை விட்டுடலாம்னு நினைச்சிருக்கேன் தெரியுமா? அப்பல்லாம் நீங்க எழுதிக் கொடுத்ததை எடுத்துப் பார்ப்பேன். தப்பு ஆட்டத்துல இல்ல, எங்கிட்டதான் இருக்குன்னு தெளிவாயிடும்.”

நூற்றுக்கு ஐந்து எடுக்கிறார்களே, அதைச் சொன்னேன். எல்லா நாளும் நான்கு மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெயர்களைச் சொன்னேன். பின்னட்டையில் இருந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஐந்து மாதம் தாமதமாகச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “முக்கியம்னா அன்னிக்கே எழுதியிருப்பீங்களே மச்சான்” என்றார். “நீங்க எதையாவது விடுற ஆளா?”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் செய்யாததைச் செய்தேன்.

“மாப்ள, நான் அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன். கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சீட்டு சரியில்ல. மோசடிதான். விட்டுடுங்க.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “எத்தனை ஜோடி வந்திருந்துச்சு?”

“நூத்தி… நாப்பது.”

“நூத்தித் தொண்ணூத்தேழுன்னு சொன்னீங்க.”

“அது கூட்டல் தப்பு.”

“உங்களுக்கா? கூட்டல்லயா?” அவர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பிரியமாகச் சிரித்தார். என் கைமேல் கையை வைத்து, “தங்கச்சிக்காகச் சொல்றீங்க, எனக்குப் புரியாதா? விடுங்க மச்சான். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அதுக்காகத்தானே உங்களைச் சோதிக்கச் சொன்னேன்” என்றார்.

என் காதுக்கே அந்தப் பொய் ஒட்டாதபோது அவரை எப்படி ஒப்புக்கொள்ள வைப்பது?

தங்கை உள்ளறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் கையில் மகளின் பள்ளிச் சட்டை இருந்தது. முதுகுப் பக்கம் தையலைப் பிரித்து அகலப்படுத்திக்கொண்டிருந்தாள்.

“இதை அன்னிக்குச் சொல்லியிருந்தா நம்பியிருப்பார், அண்ணா” என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் போனாள். மாப்பிள்ளை எனக்கு விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடியும் நோட்டைத் திறந்தார். திங்கட்கிழமை அவருக்குச் சம்பளம்.